மேடைக்கு ஒரு மாடலிங் பெடல்: மிதிகளை எண்ணி வாங்கியது

பல வருடங்களாக மேடையில் என் ஆம்ப் ஒரு 22 வாட் வால்வ் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. அதன் சத்தத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் கிடையாது. ஆனால் வால்வ் ஆம்பை ஓரளவு திறந்தால்தான் அதன் குணம் வெளியே வரும், அப்படித் திறந்தால் சின்ன மேடையில் பாடகரின் மைக், டிரம்ஸ் மைக் எல்லாவற்றிலும் என் கிட்டார் போய் உட்கார்ந்துகொள்ளும். மிக்ஸர் முன்னால் இருப்பவர் கிட்டார் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டாலும் கிட்டார் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு சவுண்ட் செக்கில் அவர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"ஆம்பைக் கொஞ்சம் குறைங்க தம்பி."

"குறைச்சா டோன் போயிடுமேண்ணே."

"உங்க டோன் உங்க காலுக்குத்தான் கேக்குது. முன்னால உக்காந்திருக்கிறவங்களுக்குப் பாட்டே கேக்கல."

அவர் சொன்னது அப்படியே உண்மை. காம்போ தரையில் இருக்கிறது, அதன் ஸ்பீக்கர் என் முழங்காலைப் பார்த்துப் பாடுகிறது, நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காதைத் துளைக்கிறது, ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகப் போகிறது. அன்று இரவே, நிஜ ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கிக் கொடுக்கும் ஆம்ப் மாடலிங் பெடல் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன். சரியான பெடல் கையில் வர அதற்கப்புறம் எட்டு மாதம் ஆனது, நடுவில் தவறான ஒன்றை வாங்கி விற்றதையும் சேர்த்து.

அந்த முதல் பெடலின் பெயர் வேண்டாம், தவறு நான் தேர்ந்தெடுத்த முறையில் இருந்தது. வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, இரவு பதினோரு மணிக்கு, தனியாக வாசித்துப் பார்த்து மயங்கி வாங்கினேன். ஒவ்வொரு ப்ரீசெட்டும், அதாவது சேமித்து வைத்த ஒவ்வொரு ஒலி அமைப்பும், கடல் மாதிரி விரிந்து கேட்டது: ஸ்டீரியோ டிலே, நீளமான ரிவெர்ப், அடியில் கனமான பாஸ், மேலே பளபளப்பு. இரண்டு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டு ப்ரீசெட் செய்தேன். முதல் நிகழ்ச்சியில் அதே ப்ரீசெட்டுகள் பிஏவில், அதாவது அரங்கத்துக்குக் கேட்க வைக்கும் பெரிய ஸ்பீக்கரில், வந்தபோது பாஸ் கிட்டாரோடு சேர்ந்து அடிப்பகுதி குழம்பிக் கிடந்தது, மேலே டிஸ்டார்ஷன் தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தது, நடுவில் கிட்டார் இருக்க வேண்டிய இடம் காலி. பாட்டின் நடுவே என் லீட் (தனி வாசிப்பு) வந்ததே தெரியவில்லை என்று டிரம்மர் சொன்னார்.

இது ஏன் நடந்தது என்று புரிந்த பிறகுதான் அடுத்ததைச் சரியாகத் தேட முடிந்தது. காது எல்லா ஒலியளவிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. மெதுவான ஒலியில் பாஸும் உச்சமும் காதுக்குக் குறைவாகவே எட்டும், சத்தம் கூடக் கூட அவை எழுந்து வரும். ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து 1933ல் வெளியிட்ட வளைகோடுகளை ஒலித்துறையில் இருப்பவர்கள் இன்றும் அவர்கள் பெயராலேயே சொல்கிறார்கள். நான் இரவில் மெதுவாக வைத்து, பாஸ் போதவில்லை, பளபளப்பு போதவில்லை என்று இரண்டையும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன், மேடையில் அந்த இரண்டும் பூதமாக எழுந்துவிட்டன. இன்னொன்று, கிட்டார் ஸ்பீக்கர் என்பது சாதாரண ஸ்பீக்கர் மாதிரி எல்லா அதிர்வெண்ணையும் நேர்மையாகக் கொடுப்பதில்லை, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது செங்குத்தாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பைக் கேட்கத் தக்கதாக மாற்றுவதே அந்த விழுதல்தான். பிஏ ஸ்பீக்கரோ மேலே வரை எல்லாவற்றையும் கொடுக்கும். அதனால் பெடலுக்குள் ஸ்பீக்கர் பெட்டியைப் போல நடந்துகொள்ளும் கேபினெட் பகுதிதான் அந்த வெட்டைச் செய்ய வேண்டும். அது சரியில்லை என்றால் உலகத்தின் சிறந்த ஆம்ப் மாடலும் பிஏவில் இரைச்சல்தான்.

அதே பெடலை என் காம்போவில் சொருகியும் பார்த்தேன், அங்கே நேர் எதிர்ப் பிரச்சினை: கம்பளிக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது. பெடலுக்குள் ஒரு கேபினெட் ஓடுகிறது, வெளியே நிஜமாக இன்னொரு கேபினெட், இரண்டு முறை வெட்டு. காம்போவுக்குள் போகிறதென்றால் பெடலின் கேபினெட்டை அணைத்துவிட வேண்டும், முடிந்தால் ஆம்பின் டோனை உருவாக்கும் முன்பகுதியான ப்ரீஆம்பைத் தாண்டி எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளையில் சொருக வேண்டும். இது எனக்குத் தெரியாமல் ஒரு முழு ஒத்திகை வீணாகியது.

விற்றுவிட்டு, அடுத்த பெடலைத் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்தேன். எங்கள் பட்டியலில் 14 பாட்டு. ஒவ்வொரு பாட்டையும் ஓட விட்டு, காலால் எதையாவது மிதிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டேன். க்ளீனில் (சுத்தமான ஒலி) இருந்து க்ரஞ்சுக்கு (லேசான கரகரப்பு) போவது ஒரு மிதி. லீட் வரும்போது டிலே (எதிரொலி), பூஸ்ட் (சத்தத்தைத் தூக்குவது), கெயின் (கரகரப்பின் அளவு) மூன்றையும் ஒன்றாக ஏற்ற வேண்டும், பழைய பெடல் போர்டில் அது மூன்று மிதி, அதற்குள் முதல் சுரம் போய்விடும். மொத்தம் 61 கோடு வந்தது. அதில் மூன்று மிதிகளுக்கு எனக்குப் பாட்டில் அரை நொடிகூட இடைவெளி இல்லை, ஏனென்றால் அந்த இடங்களில் நானே பின்குரலும் பாடுகிறேன், கண் கீழே போக முடியாது.

அந்தத் தாள்தான் எல்லாவற்றையும் மாற்றியது. எனக்கு எத்தனை ஆம்ப் மாடல் தேவை என்று எண்ணினேன்: இரண்டு. ஒரு க்ளீன் ஆம்ப், ஒரு பிரிட்டிஷ் வகை கரகரப்பான ஆம்ப். எஃபெக்ட்: டிலே, ரிவெர்ப், ஒரு கோரஸ், ஒரு ஓவர்டிரைவ், ஒரு பாட்டில் மட்டும் ட்ரெமலோ. நூற்றுக்கணக்கான மாடல் இருக்கிறது என்று விளம்பரத்தில் எண்ணிக் காட்டுவது எனக்கு எந்த வகையிலும் உதவாது. எத்தனை ஸ்விட்ச், அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஒரு மிதியில் எத்தனை மாற்றம், அந்த மாற்றத்தின்போது ஒலி அறுந்து போகுமா, என் கேள்விகள் எல்லாம் இதிலேயே நின்றன.

ஒலி அறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் இதைக் கவனிக்கிறார்கள். ஒரு ப்ரீசெட்டில் இருந்து இன்னொரு ப்ரீசெட்டுக்குத் தாவும்போது பெடலின் ப்ராசஸர் பழைய ஆம்ப், பழைய எஃபெக்ட் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும், அந்தச் சின்ன நேரத்தில் பல பெடல்களில் மௌனம் விழும், முந்தைய டிலேயின் வாலும் கத்தரித்தது போல அறுந்துவிடும். வேகமான பாட்டில் அந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். இதற்கு வழி, ஒரே ப்ரீசெட்டுக்குள் தேவையானதெல்லாம் ஏற்கெனவே ஏற்றி வைத்து, எது திறந்திருக்கிறது, எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் ஒரு மிதியில் மாற்றுவது. பெடல் செய்யும் நிறுவனங்களில் லைன் 6 இதை ஸ்நாப்ஷாட் என்கிறது, ஃப்ராக்டல், நியூரல் டிஎஸ்பி இரண்டும் சீன் என்கின்றன. இந்த வசதி இல்லாத எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்புறம் சந்தையில் இருக்கும் பெடல்களின் பட்டியலைப் பார்த்தேன். ஆம்ப் மாடலிங் இப்போது நன்றாக முதிர்ந்த துறை: லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற பாட் 1998ல் வந்தது, அங்கிருந்து ஹீலிக்ஸ் 2015ல், நியூரல் டிஎஸ்பியின் குவாட் கார்டெக்ஸ் 2021ல். இரண்டு வழியில் வேலை நடக்கிறது. ஒன்று, ஆம்பின் சர்க்யூட்டைப் பகுதி பகுதியாகக் கணக்கில் கட்டுவது, அதில் கெயின், மிட், பிரசன்ஸ் என்று குமிழ்களைத் திருப்பினால் நிஜ ஆம்பைத் திருப்புவது போலவே நடந்துகொள்ளும். இன்னொன்று, நிஜ ஆம்ப் ஒன்றின் வழியாகச் சோதனை ஒலியை அனுப்பி, வெளியே வருவதை வைத்து அந்த ஆம்பைப் பிடித்து வைத்துக்கொள்வது. கெம்பர், டோனெக்ஸ், நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல மென்பொருள் எல்லாம் இந்த வழி. பிடித்து வைத்த ஆம்பில் வாசிக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஆம்பின் குமிழ்கள் அந்த நொடியில் நின்ற நிலையின் படம், மேடையில் நின்று கெயினையும் மிட்டையும் பெரிதாகத் திருப்பினால் நிஜ ஆம்ப் போகும் பக்கத்துக்கு அது போகாது. நான் திருப்புகிற ஆள், எனவே முதல் வழிக்கே சாய்ந்தேன்.

ஸ்விட்ச் எண்ணிக்கையில் வைத்தால் களம் சீக்கிரம் சுருங்கியது. லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப், ஃப்ராக்டல் எஃப்எம்3, பாஸ் ஜிடி-1000 கோர் மூன்றிலும் மூன்று மூன்று ஸ்விட்ச். எச்எக்ஸ் ஸ்டாம்ப் எக்ஸ்எல்லில் எட்டு, எஃப்எம்9ல் ஒன்பது, குவாட் கார்டெக்ஸில் பதினொன்று, அதுவும் ஸ்விட்சையே குமிழாகத் திருப்பலாம் என்பது அழகான யோசனை. என் தாளில் எந்த ஒரு பாட்டுக்கும் ஐந்துக்கு மேல் ஸ்விட்ச் தேவைப்படவில்லை. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகும் அளவுக்குச் சின்னதாகவும் வேண்டும். எச்எக்ஸ் ஸ்டாம்பில் மூன்று ஸ்விட்ச் போக, பின்னால் ஒரு ஜாக்கில் வெளி ஸ்விட்ச் இரண்டை இணைக்கலாம். 3+2, கணக்கு முடிந்தது. அது 2018ல் வந்தபோது ஒரு ப்ரீசெட்டில் ஆறு பிளாக்தான் (ஆம்ப், எஃபெக்ட் ஒவ்வொன்றும் ஒரு பிளாக்) வைக்க முடியும், 2020ல் வந்த 3.0 ஃபர்ம்வேரில் (பெடலுக்குள் ஓடும் மென்பொருள்) எட்டாக்கினார்கள். எனக்கு ஏழு போதும். பயன்படுத்திய ஒன்றை நல்ல நிலையில் வாங்கினேன்.

வாங்குவதற்கு முன், நண்பர் ஒருவரிடம் இருந்த அதே பெடலை இரவல் வாங்கி ஒத்திகை அறைக்குக் கொண்டுபோய், பிஏ ஸ்பீக்கரில், டிரம்ஸும் பாஸும் வாசிக்கும்போதே கேட்டேன். முதல் தடவை செய்யாமல் விட்டது இதைத்தான். தாமதத்தைப் பற்றியும் பயம் இருந்தது, டிஜிட்டல் பெடலில் தந்தியைத் தட்டியதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே இடைவெளி இருக்கும் என்பார்கள். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது, அதாவது ஆம்பில் இருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே ஒன்பது மில்லிவினாடி தாமதம், அப்படித்தான் இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன். ஓரிரண்டு மில்லிவினாடியை விரல் கண்டுபிடிக்கவில்லை.

இனி கட்டிய கதை. முதல் வேலை மின்சாரம், முதல் தவறும் அங்கேதான். பழைய போர்டில் 9 வோல்ட் அடாப்டர் ஒன்று ஐந்து பெடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது, இதுவும் 9 வோல்ட்தானே என்று சொருகினேன். திரையில் லோகோ வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது, அணைந்தது. பெடல் செத்துவிட்டதென்றே நினைத்தேன். என் அடாப்டர் 500 மில்லிஆம்ப் கொடுக்கும், இந்தப் பெடலோடு வரும் அடாப்டரில் அச்சிட்டிருப்பது 3 ஆம்ப். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் கேட்கிற கரண்ட்டைக் கொடுக்க ஆள் இல்லை. சொந்த அடாப்டரைப் போட்டதும் ஒழுங்காக எழுந்தது. மேடையில் அந்தச் சின்ன பவர் பின் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் பெடல் மறுபடி முதலில் இருந்து எழ வேண்டும், அதுவரை கிட்டார் ஊமை. அதனால் பவர் வயரைப் போர்டின் அடிப்பக்கமாக வளைத்து, இரண்டு இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்கினேன். யாராவது வயரைத் தடுக்கினாலும் இழுவை டையில்தான் விழும், பின்னுக்கு வராது.

அடுத்து ஸ்விட்ச் பெட்டி. கடையில் தயாராகவே கிடைக்கும், எனக்கு ஸ்விட்சுகளின் இடைவெளி என் ஷூ அகலத்துக்கு வேண்டும் என்பதால் நானே செய்தேன். 112க்கு 60 மில்லிமீட்டர் அலுமினியப் பெட்டி, பெடல் செய்பவர்கள் எல்லாரும் பயன்படுத்துகிற அதே அளவு. ஸ்விட்சுக்கு 12 மில்லிமீட்டர் துளை இரண்டு, மையத்துக்கு மையம் 65 மில்லிமீட்டர் விட்டு. ஜாக்குக்குப் பக்கவாட்டில் ஒரு துளை. அலுமினியத்தில் நேரடியாகப் பெரிய பிட் போட்டால் அது சறுக்கி மேற்பரப்பைக் கீறும், முதலில் ஆணியும் சுத்தியலும் வைத்து ஒரு குழி, 3 மில்லிமீட்டர் பிட்டில் வழித்துளை, அப்புறம் படிப்படியாகப் பெரிதாக்கினேன். ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நட் சமமாக உட்காராது.

வயரிங் மிகச் சுலபம். ஸ்டீரியோ ஜாக்கில் மூன்று கால்: முனை, வளையம், உடல். முனையில் இருந்து ஒரு வயர் முதல் ஸ்விட்சின் ஒரு காலுக்கு, வளையத்தில் இருந்து ஒரு வயர் இரண்டாவது ஸ்விட்சின் ஒரு காலுக்கு, இரண்டு ஸ்விட்சின் மறு கால்களும் சேர்ந்து உடலுக்கு. அவ்வளவுதான், பேட்டரி வேண்டாம், ரெசிஸ்டர் வேண்டாம். ஸ்விட்ச் மட்டும் மிதித்தால் மூடி, விட்டால் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். என்னிடம் முதலில் இருந்தது மிதித்த நிலையிலேயே நின்றுவிடும் வகை, அதில் ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு முறை மிதிக்க வேண்டி வந்தது, கழற்றி மாற்றினேன். சால்டர் செய்யும்போது காலைச் சூடாக்கி, ஈயத்தைக் காலில் வைத்தேன், அயர்ன் முனையில் வைக்கவில்லை. ஈயம் பளபளவென்று கால் முழுக்கப் பரவி நின்றால் இணைப்பு பிடித்துவிட்டது, உருண்டையாக மங்கலாக நின்றால் மறுபடி சூடாக்க வேண்டும். மூடுவதற்கு முன் மல்டிமீட்டரின் பீப் வைத்துச் சரிபார்த்தேன்: மிதித்தால் பீப், விட்டால் மௌனம், இரண்டுக்கும்.

பெடலில் இணைத்ததும் ஐந்தாவது ஸ்விட்ச் யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது போலவே நின்றது. பெட்டியைத் திறந்து, எல்லா இணைப்பையும் மறுபடி தொட்டு, ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் நான் சொருகியிருந்தது சாதாரண கிட்டார் கேபிள். அதன் பிளக்கில் வளையம் தனியாக இல்லை, உடல் நீண்டு வந்து ஜாக்கின் வளையத்தையும் தொட்டுவிடுகிறது, அது ஸ்விட்ச் மூடியதற்குச் சமம். ஸ்டீரியோ கேபிள் போட்டதும் சரி. பெடலின் குளோபல் செட்டிங்கில் அந்த ஜாக்கின் முனையையும் வளையத்தையும் எக்ஸ்பிரஷன் பெடலில் (காலால் சாய்த்து அளவை மாற்றும் பெடல்) இருந்து ஃபுட்ஸ்விட்சுக்கு மாற்றி வைத்தேன். இப்போது முதல் மூன்று ஸ்விட்சும் ஸ்நாப்ஷாட்: க்ளீன், க்ரஞ்ச், லீட். நான்காவது டேப் டெம்போ (தாளத்துக்குத் தட்டி வேகத்தைச் சொல்வது), அழுத்திப் பிடித்தால் ட்யூனர். ஐந்தாவது டிலே மட்டும்.

ஒலி அமைக்கும் வேலையை இந்தத் தடவை வீட்டில் பாதிதான் செய்தேன், மீதி முழுக்க ஒத்திகை அறையில், மேடையில் கேட்கும் சத்தத்தில். முதலில் கேபினெட். ஐஆர் என்று சொல்கிறோமே, அது ஒரு ஸ்பீக்கரையும் அதன் முன்னால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்த மைக்கையும் சேர்த்துப் பிடித்த ஒரு சின்ன ஒலிக்கோப்பு. 48 கிலோஹெர்ட்ஸில் 2,048 சாம்பிள் என்றால் 43 மில்லிவினாடிகூட வராது, அதற்குள் கேபினெட்டின் குணம் முழுவதும் அடங்கிவிடுகிறது. நூறு ஐஆர் இறக்கி ஒவ்வொன்றாகக் கேட்டால் பத்தாவதுக்கு மேல் காது மரத்துப்போகிறது, அதனால் மூன்று மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே பாட்டை மூன்றிலும் வாசித்தேன். ஸ்பீக்கரின் நட்டநடு மையத்தில் மைக் வைத்துப் பிடித்தது கூர்மையாகக் குத்தியது, மையத்தில் இருந்து கொஞ்சம் ஓரமாக நகர்த்திப் பிடித்தது பேண்டோடு கலந்து உட்கார்ந்தது. அதையே வைத்தேன். பிறகு கேபினெட் பிளாக்கிலேயே கீழே 100 ஹெர்ட்ஸில் ஒரு வெட்டு, மேலே 5,500ல் ஒரு வெட்டு. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், ஆனால் அந்தப் பகுதி பாஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம். தனியாக வாசிக்கும்போது ஒல்லியாகக் கேட்கும், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், பேண்ட் சேர்ந்ததும் அதே ஒலி தனியாகத் தெளிந்து நிற்கிறது.

லீட் ஸ்நாப்ஷாட்டில் என் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டியிருந்தது. பூஸ்டை ஆம்புக்கு முன்னால் வைத்திருந்தேன். ஆம்ப் ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்கும்போது முன்னால் எவ்வளவு தள்ளினாலும் கரகரப்புதான் கூடும், சத்தம் கூடாது. பூஸ்டை ஆம்ப், கேபினெட் இரண்டுக்கும் பின்னால் நகர்த்தி 3 டெசிபல் ஏற்றினேன், கூடவே 900 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கினேன். டிரம்மரிடம், லீட் வரும்போது தலையை ஆட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன், இரண்டு தடவை சரியாக ஆட்டினார். மூன்று ஸ்நாப்ஷாட்டின் அளவையும் மீட்டரைப் பார்த்துச் சமன் செய்யாமல் பேண்ட் ஓடும்போது காதால் செய்தேன். டிஸ்டார்ஷன் தன்னாலேயே நசுங்கிச் சமமாக வரும், க்ளீன் அப்படி இல்லை, தந்தியை ஓங்கித் தட்டினால் திடீரென்று துள்ளும்.

வெளியே போகும் வழியில் மூன்று முடிவு. எல்லாம் மோனோ, ஏனென்றால் நாங்கள் வாசிக்கும் இடங்களில் பெரும்பாலும் இடது வலது இரண்டையும் ஒன்றாகத்தான் அனுப்புகிறார்கள், ஸ்டீரியோ கோரஸ் அப்படி ஒன்றாகச் சேரும்போது பாதி கரைந்துவிடுகிறது. இந்தப் பெடலில் மைக் கேபிள் சொருகும் எக்ஸ்எல்ஆர் வெளியீடு கிடையாது, எனவே ஒலியை மிக்ஸருக்கு ஏற்ற வடிவில் மாற்றும் ஒரு டிஐ பாக்ஸ் போர்டிலேயே திருகி வைத்தேன். அதன் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் கைக்கு எட்டும் பக்கம் இருக்கும்படி வைத்தது பிற்பாடு பலன் தந்தது. அவுட்புட் அளவை முதல் நாளே ஒரு இடத்தில் நிறுத்தி, வால்யூம் குமிழின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். சவுண்ட் செக்குக்குப் பிறகு என் பக்கம் இருந்து அளவு மாறினால் மிக்ஸரில் இருப்பவரின் வேலை முழுவதும் வீண்.

முதல் நிகழ்ச்சி. சொருகியதும் பிஏவில் "ம்ம்ம்" என்று ஹம். டிஐயில் கிரவுண்ட் லிஃப்டைத் தட்டினேன், நின்றது. பெடலும் மிக்ஸரும் இரண்டு வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுத்து, கிரவுண்ட் இரண்டு வழியாக வளையம் போட்டுக்கொண்டதுதான் காரணம், ஒரு வழியைத் துண்டித்ததும் வளையம் அறுந்தது. மானிட்டரில் என் கிட்டார் கேட்டது முதல் இரண்டு பாட்டுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருந்தது, முதுகுக்குப் பின்னால் காற்றைத் தள்ளும் அந்தக் காம்போ இல்லை. நிஜ ஆம்ப் பக்கத்தில் நின்று கேட்பதும், மைக் வைத்த ஆம்பை ஸ்பீக்கரில் கேட்பதும் வேறு வேறு, இந்தப் பெடல் கொடுப்பது இரண்டாவது. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு பாதி நிகழ்ச்சி தேவைப்பட்டது. மூன்றாவது பாட்டில் பின்குரல் பாடிக்கொண்டே, கீழே பார்க்காமல், லீட் ஸ்விட்சை மிதித்தேன், டிலே, பூஸ்ட், கெயின் மூன்றும் ஒன்றாக ஏறின, முதல் சுரம் முழுசாக வந்தது. அந்த ஒரு மிதிக்காகத்தான் எட்டு மாதம்.

முடிந்து வயர் சுற்றும்போது அந்த சவுண்ட் அண்ணன் வந்து, "இன்னிக்கு உங்க ஃபேடர் ஒரே இடத்துல நின்னுச்சு தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான்கு நிகழ்ச்சிக்குப் பிறகு மாற்றியவை: மேல் வெட்டு 5,500ல் இருந்து 6,000க்கு, ஏனென்றால் ஆள் நிறைந்த அரங்கில் உச்சம் தானாகவே உறிஞ்சப்படுகிறது. ரிவெர்ப் பாதியாக, ஏனென்றால் அரங்கமே ரிவெர்ப் கொடுக்கிறது. எல்லா ப்ரீசெட்டையும் கணினியில் ஒரு காப்பு, பென் டிரைவில் இன்னொரு காப்பு, அது கிட்டார் பையிலேயே இருக்கிறது. நிகழ்ச்சி இருக்கும் வாரத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் செய்வதில்லை. ஐந்தாவது ஸ்விட்சுக்கு மட்டும் மேலே ஒரு ரப்பர் வளையம் ஒட்டியிருக்கிறேன், ஷூவின் அடியிலேயே நான்கா ஐந்தா என்று தெரிந்துவிடுகிறது. ட்ரெமலோ உள்ள அந்த ஒரு பாட்டுக்கு வேகத்தை டேப் டெம்போவோடு கட்டி வைக்கும் வேலை இன்னும் பாக்கி, அடுத்த ஒத்திகையில் செய்ய வேண்டும்.